மேற்கே போய் நிலம் எடுத்த ஐரிஷ் விவசாயியின் சொந்த ஊரைக் கண்டுபிடிப்பது எப்படி

என் வீட்டுக்காரர் நெப்ராஸ்காக்காரர். அவருடைய அம்மாவை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன், அவருக்கும் அது பழகிவிட்டது. எண்பது வயது நெருங்கும்போது ஒரு நாள் அத்தை ஒரு ஷூ டப்பாவைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். உள்ளே நான்கு புகைப்படங்கள், ஒரு ஜெபமாலை, "அயர்லாந்திலிருந்து வந்தார், மேற்கே போய் நிலம் எடுத்தார்" என்று யாரோ பென்சிலில் எழுதிய துண்டுச்சீட்டு. அவ்வளவுதான். "நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னாடிதானே உட்கார்ந்திருக்கிறாய், என் கொள்ளுத்தாத்தா எந்த ஊர் என்று பார்த்துச் சொல்லேன்" என்றார். ரெண்டு வாரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். இரண்டு வருடம் ஆனது. அதில் முதல் எட்டு மாதம் சுத்த வீண்.

வீணானதற்குக் காரணம், நேராக அயர்லாந்துப் பதிவுகளில் போய்க் குதித்ததுதான். நம்ம ஆளின் பெயரை மைக்கேல் சல்லிவன் என்று வைத்துக்கொள்வோம். அயர்லாந்தின் தென்மேற்கே கார்க், கெர்ரி பக்கம் அந்தப் பெயரில் தேடுவது, மதுரையில் போய் முருகனைத் தெரியுமா என்று கேட்பது மாதிரி. கிடைத்த முப்பது மைக்கேல்களில் ஒருவர் பொருந்துகிற மாதிரி இருந்தார் என்று அவருக்குக் குடும்ப மரமே வரைந்துவிட்டேன், அப்புறம் பார்த்தால் அந்த மைக்கேல் அயர்லாந்தை விட்டு வெளியே வந்ததே இல்லை.

உங்கள் கணவர் வீட்டிலோ மருமகள் வீட்டிலோ இப்படி ஒரு ஐரிஷ் கிளை இருந்து, தேடும் வேலை உங்கள் தலையில் விழுந்திருந்தால், கீழே சொல்கிற வரிசையை மாற்றாதீர்கள். நீங்கள் தேடுவது கடைசியில் ஒரே ஒரு சொல்லைத்தான்: அவர் பிறந்த டவுன்லேண்டின் பெயர். டவுன்லேண்ட் என்றதும் டவுன் என்று நினைத்துவிட வேண்டாம், நம்ம ஊர்க் கணக்கில் ஒரு சிறு பட்டி அளவுதான். அயர்லாந்தில் அறுபதாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. அந்த ஒரு சொல் பெரும்பாலும் அமெரிக்காவில்தான் கிடைக்கும், அதுவும் அவர் கடைசியாக வாழ்ந்த ஊரில்.

1. செத்த இடத்திலிருந்து ஆரம்பியுங்கள்

முதலில் வீட்டுப் பெரியவர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள், போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். "எங்கிருந்து வந்தார்" என்று கேட்டால் அயர்லாந்து என்றுதான் சொல்வார்கள். அதை விட்டுவிட்டு, எந்தக் கல்லறைத் தோட்டம், எந்தக் கோயில், யார் யாரை மாமா, சித்தி என்று கூப்பிட்டார்கள், லீவுக்கு எந்த ஊருக்குப் போனார்கள் என்று கேளுங்கள். "அயோவாவில் ஒரு பெரியம்மா இருந்தாள், கிறிஸ்துமஸுக்குக் கடிதம் வரும்" என்று அத்தை பேச்சுவாக்கில் சொன்னதுதான் பிறகு பெரிய திறவுகோல் ஆனது.

அடுத்து அவர் இறந்தது சம்பந்தமாகக் கிடைப்பதையெல்லாம் சேர்க்க வேண்டும். இறப்புச் சான்றிதழில் பெற்றோர் பெயர் இருக்கும், அம்மாவின் கல்யாணத்துக்கு முந்தைய குடும்பப் பெயரும் பல சமயம் இருக்கும். ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் பதிவு ஆரம்பித்த வருடம் வேறு. அயோவாவில் 1880, நெப்ராஸ்காவில் 1904. அதற்கு முன் இறந்தவருக்குச் சான்றிதழ் கேட்டு மாநில அலுவலகத்துக்குப் பணம் அனுப்பினால் "பதிவு இல்லை" என்று ஒரு கடிதம் வரும், பல இடங்களில் கட்டணத்தைத் திருப்பித் தர மாட்டார்கள். நான் ஒருமுறை அப்படிக் கட்டித்தான் கற்றுக்கொண்டேன்.

கல்லறைக் கற்களை ஃபைண்ட் எ கிரேவ் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஐரிஷ்காரர்களின் கல்லில் சில சமயம் கவுண்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) பெயரும், அதிர்ஷ்டம் இருந்தால் பங்கின் (பாரிஷ், ஒரு கோயிலுக்கு உட்பட்ட பகுதி) பெயரும் வெட்டியிருப்பார்கள். தளத்தில் தட்டச்சு செய்து போட்டிருப்பதை நம்பாமல் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். உள்ளூர்ப் பத்திரிகையின் இரங்கல் குறிப்பையும் விடாதீர்கள். அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தின் க்ரானிக்ளிங் அமெரிக்கா தொகுப்பில் பழைய சிற்றூர்ப் பத்திரிகைகள் ஏராளமாக இலவசமாகவே இருக்கின்றன.

2. கணக்கெடுப்புத் தாள்களில் பின்னோக்கி நடங்கள்

அமெரிக்காவில் பத்து வருடத்துக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 72 வருடம் கழித்துத்தான் பெயர்களோடு வெளியிடுவார்கள், அதனால் 1950 வரை இப்போது பார்க்கலாம். ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளத்தில் ஒரு கணக்குத் திறந்தால் போதும், காசு கிடையாது. அவர் உயிரோடு இருந்த கடைசிக் கணக்கெடுப்பில் தொடங்கிப் பின்னால் வாருங்கள்.

1900-ஆம் ஆண்டுத் தாள்தான் தங்கம். பிறந்த மாதமும் வருடமும், எத்தனை வருடம் முன் கல்யாணம், மனைவி எத்தனை பிள்ளை பெற்றாள், எத்தனை உயிரோடு, எந்த வருடம் நாட்டுக்குள் வந்தார், குடியுரிமை ஆயிற்றா, நிலம் சொந்தமா, அடமானத்தில் இருக்கிறதா என்று எல்லாம் இருக்கும். 1880-இல் குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்று போட ஆரம்பித்தார்கள். 1850-க்கு முந்தைய தாள்களில் குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான், மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை.

1890 தாளைத் தேடி அலையாதீர்கள். 1921-இல் வாஷிங்டனில் ஏற்பட்ட தீயில் சேதமாகி, கிட்டத்தட்ட முழுக்கப் போய்விட்டது. அந்த இருபது வருட ஓட்டையை மாநிலக் கணக்கெடுப்புகளை வைத்து அடைக்கலாம். நெப்ராஸ்காவுக்கு 1885, அயோவாவுக்கு 1885, 1895. கான்சாஸில் 1875, 1885 தாள்களில் எந்த மாநிலத்திலிருந்து இங்கே வந்தீர்கள் என்றே ஒரு கட்டம் உண்டு. அயோவாவின் 1925 தாளில் ஒவ்வொருவருக்கும் அப்பா, அம்மா பெயர் கேட்டிருப்பார்கள், அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரோடு. அதனால் நம்ம ஆள் அதற்குள் இறந்திருந்தாலும் அயோவாவிலேயே தங்கிவிட்ட தம்பியையோ தங்கையையோ அதில் தேடுங்கள்.

இந்தத் தாள்களில் நான் முதலில் பார்ப்பது பிள்ளைகள் பிறந்த இடத்தைத்தான். எங்கள் 1880 தாளில் மூத்தவன் மாசசூசெட்ஸ், அடுத்த நான்கு பேர் அயோவா, கைக்குழந்தை நெப்ராஸ்கா. குடும்பம் எந்த வழியாக மேற்கே நகர்ந்தது, எந்த வருடவாக்கில் என்பதற்கு வேறு வரைபடமே வேண்டாம்.

வயதை மட்டும் நம்பவே நம்பாதீர்கள். எங்கள் ஆளுக்கு 1860-இல் 24, 1870-இல் 30, 1880-இல் 44. வந்த வருடமும் அப்படித்தான், ஒரே ஆளுக்குத் தாளுக்குத் தாள் மாறும். ஐந்து வருடம் முன்பின் என்று வைத்துக்கொண்டு தேடுங்கள். குடும்பப் பெயரின் முன்னால் வரும் ஓ, மக் எல்லாம் சில தாளில் இருக்கும், சிலதில் காணாமல் போயிருக்கும். அதை வைத்து வேறு ஆள் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

3. நிலப் பத்திரம் போதாது, கோப்பு வேண்டும்

இதற்குக் கொஞ்சம் அதிக நேரம் ஒதுக்குங்கள், மற்ற எந்தப் படியைவிடவும் எனக்கு அதிகம் கொடுத்தது இதுதான்.

1862-இல் வந்த ஹோம்ஸ்டெட் சட்டப்படி, ஒருவர் 160 ஏக்கர் அரசு நிலத்தில் ஐந்து வருடம் குடியிருந்து பயிர் செய்து காட்டினால் நிலம் அவருக்கு. கட்டணம் எல்லாம் சேர்த்து 18 டாலர்தான். குடிமகனாகவோ, குடிமகனாவேன் என்று எழுதிக்கொடுத்தவராகவோ இருக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வரும்.

முதலில், அமெரிக்க அரசின் நில மேலாண்மைப் பணியகத்தின் நிலப் பதிவுத் தளத்தில் மாநிலம், கவுண்டி, பெயர் போட்டுத் தேடுங்கள். இலவசம். பட்டா மாதிரி ஒரு தாள் வரும், அதிபரின் பெயரில் கையெழுத்தெல்லாம் போட்டு அழகாக இருக்கும். சட்டம் போட்டு மாட்டலாமே தவிர, குடும்பத்தைப் பற்றி அதில் ஒன்றும் இருக்காது. நிறையப் பேர் இதோடு நின்றுவிடுகிறார்கள். நமக்கு அதில் வேண்டியது மூன்றே விஷயம்: நில அலுவலகத்தின் பெயர், சான்றிதழ் எண், நிலத்தின் விவரிப்பு.

விவரிப்பு இப்படி இருக்கும்: தென்மேற்குக் கால்பங்கு, செக்‌ஷன் 14, டவுன்ஷிப் 29 வடக்கு, ரேஞ்ச் 11 மேற்கு. பார்த்துப் பயப்பட வேண்டாம். டவுன்ஷிப் என்பது ஆறு மைலுக்கு ஆறு மைல் சதுரம், அதற்குள் 36 செக்‌ஷன், ஒரு செக்‌ஷன் 640 ஏக்கர், அதில் கால்பங்கு நம்ம ஆளின் 160. எண் வடகிழக்கு மூலையில் 1 என்று தொடங்கி மேற்கே 6 வரை போகும், 6-க்குக் கீழே 7, அங்கிருந்து கிழக்கே 12 வரை திரும்பி வரும். ஏர் மாடு சால் கடைசியில் திரும்பி வருகிற மாதிரி என்று நினைத்துக்கொண்டால் குழப்பமே இல்லை.

அடுத்து கோப்பு, அதாவது அந்த நிலத்துக்காக அவர் நில அலுவலகத்தில் கொடுத்த தாள்கள் எல்லாம் சேர்ந்த கட்டு. அந்த மூன்று விவரத்தையும் வைத்து வாஷிங்டனில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் என்ஏடிஎஃப் 84 என்ற படிவத்தில் விண்ணப்பிக்கலாம். நான் கட்டியது 50 டாலர், வர மூன்று மாதம் ஆனது. கட்டணம் மாறியிருக்கலாம், படிவத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் கட்டுவதற்கு முன் ஒரு நிமிடம்: நெப்ராஸ்காவின் ஹோம்ஸ்டெட் கோப்புகளை ஸ்கேன் செய்து ஏற்கெனவே ஆன்லைனில் போட்டுவிட்டார்கள். ஃபோல்ட்3 என்ற கட்டணத் தளத்தில் இருக்கின்றன. பியாட்ரிஸ் ஊரில் உள்ள ஹோம்ஸ்டெட் தேசிய வரலாற்றுப் பூங்காவுக்குப் போனால் அங்கிருக்கும் கணினியில் இலவசமாகப் பார்க்கலாம். எங்கள் வீட்டிலிருந்து ரெண்டு மணி நேரக் கார் பயணம். எனக்குத் தெரிந்தது 50 டாலர் கட்டி, மூன்று மாதம் காத்திருந்து, கவர் கையில் வந்த பிறகு.

கவருக்குள் இருபத்தி மூன்று பக்கம். ஐந்து வருடம் முடிந்தபின் நில அலுவலகத்தில் போய்ச் சொன்ன வாக்குமூலம்தான் முக்கியமானது, அச்சடித்த கேள்வி, கையால் எழுதிய பதில். வீடு எப்போது கட்டினீர்கள்? புல்வேரோடு வெட்டிய மண்கட்டியை அடுக்கி முதலில் ஒரு வீடு, மூன்றாம் வருடம் பலகை வீடு, 14-க்கு 20 அடி, ஒரு கதவு, இரண்டு ஜன்னல். கிணறு இருக்கிறதா? இருக்கிறது. எத்தனை ஏக்கர் உழுதீர்கள்? 45. குடும்பத்தில் யார் யார்? மனைவி, ஆறு பிள்ளைகள். வீட்டை விட்டு வெளியே தங்கியது உண்டா? முதல் குளிர்காலத்தில் கூலி வேலைக்காக நான்கு மாதம். கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி, பக்கத்தில் "அவருடைய குறி" என்று எழுத்தர் எழுதியிருந்தார். அத்தை அந்தப் பக்கத்தை ரொம்ப நேரம் கையில் வைத்திருந்தார்.

இங்கே மூன்று பொறிகள். நிலப் பதிவுத் தளத்தில் பெயர் வரவில்லை என்றால் அவர் நிலமே எடுக்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். ஐந்து வருடம் தாக்குப்பிடிக்க முடியாமல் விட்டுவிட்டுப் போனவர்கள் ஏராளம், அவர்களுக்குப் பட்டா கிடையாது, ஆனால் ரத்தான கோப்பு இருக்கும். அதற்கு டிராக்ட் புத்தகம் என்ற நில அலுவலகப் பேரேட்டைப் புரட்ட வேண்டும், ஃபேமிலிசர்ச்சில் படங்களாக இருக்கிறது. இரண்டாவது, ரயில்வே கம்பெனிக்கு அரசு கொடுத்த நிலத்தை விலைக்கு வாங்கியிருந்தாலோ இன்னொரு விவசாயியிடம் வாங்கியிருந்தாலோ மத்தியப் பதிவில் எதுவும் இருக்காது, கவுண்டியின் பத்திரப் பதிவு அலுவலகத்தில்தான் இருக்கும். மூன்றாவது, 1908-க்குப் பின் வந்த பட்டாக்களுக்கு எண் முறை வேறு, படிவத்தில் அதற்குத் தனிக் கட்டம்.

4. குடியுரிமைத் தாள்

முன்னால் சொன்ன நிபந்தனை இங்கேதான் உதவும். வெளிநாட்டில் பிறந்தவர் என்பதால் குடியுரிமைத் தாளின் நகலை நிலக் கோப்பிலேயே இணைத்திருப்பார்கள். எங்கள் கோப்பில் இருந்த நகல் அயோவாவின் ஜாக்சன் கவுண்டி நீதிமன்றத்தினுடையது. அதுவரை அயோவாவில் எங்கே இருந்தார் என்று எனக்குத் தெரியாது.

பெரிதாக எதிர்பார்த்துவிடாதீர்கள். 1906 செப்டம்பருக்கு முன் எந்த நீதிமன்றத்திலும் குடியுரிமை வாங்கலாம், பெரும்பாலான தாள்களில் பெயர், தேதி, அப்புறம் விக்டோரியா மகாராணிக்கு இனி விசுவாசம் கிடையாது என்ற வரி, முடிந்தது. பிறந்த ஊர் என்ற இடத்தில் அயர்லாந்து என்று மட்டும் இருக்கும். பிறந்த ஊர், கப்பல், வந்த தேதி எல்லாம் 1906-க்குப் பிந்தைய படிவங்களில்தான். மனைவிக்குத் தனித் தாள் தேடாதீர்கள், 1855 முதல் 1922 வரை கணவன் குடிமகனானால் மனைவியும் தானாக ஆகிவிடுவாள். இந்தத் தாளால் நமக்குப் பிரயோசனம் ஊர் அல்ல, நீதிமன்றம். அது எந்தக் கவுண்டியோ அங்கே அவர் சில வருடமாவது இருந்திருக்கிறார்.

5. கூட இருந்தவர்களைத் தேடுங்கள்

நான் இரண்டு வருடம் சுற்றியதற்கு விடை இதில்தான் இருந்தது.

விவசாயக் குடும்பங்கள் மேற்கே தனியாகப் போகவில்லை. மைத்துனன், ஒன்றுவிட்ட தம்பி, அதே பட்டிக்காரன் என்று கூட்டமாகப் போய், பக்கத்துப் பக்கத்துக் கால்பங்கில் உட்கார்ந்தார்கள். அதனால் நம்ம ஆளின் பதிவு வாயைத் திறக்காவிட்டால் பக்கத்து வயல்காரனின் பதிவைத் தேடுங்கள். ஐந்து வருடம் குடியிருந்து பயிர் செய்ததை நிரூபிக்கப் போகிறேன் என்று உள்ளூர்ப் பத்திரிகையில் அறிவிப்புப் போட வேண்டும், அதில் நான்கு சாட்சிகளின் பெயர் இருக்கும், அவர்களில் இரண்டு பேர் வாக்குமூலம் கொடுப்பார்கள். அந்த நான்கு பெயரையும் ஒரு தாளில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். கணக்கெடுப்புத் தாளில் அவருக்கு மேலே ஐந்து வீடு, கீழே ஐந்து வீடு, அதையும் எழுதுங்கள்.

பிறகு கோயில் பதிவேடு. கத்தோலிக்கர் என்றால் பிள்ளைகளின் ஞானஸ்நானப் பதிவில் ஞானப்பெற்றோர் பெயர் இருக்கும். யாரோ எவரோ ஞானத்தாயாக நிற்க மாட்டார்கள் என்பது நம்ம ஊர்க் கத்தோலிக்கர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பதிவேடு பங்கிலேயே இருக்கலாம், மறைமாவட்டக் காப்பகத்துக்குப் போயிருக்கலாம். போன் செய்யாமல் கடிதம் எழுதுங்கள், ஒரே பெயர், ஒரே நிகழ்வு, ஐந்து வருடத்துக்குள் என்று கேளுங்கள், கூடவே சிறு காணிக்கை வையுங்கள். "குடும்பத்தைப் பற்றி எது இருந்தாலும் அனுப்பவும்" என்று எழுதிய என் முதல் கடிதத்துக்கு இன்றுவரை பதில் வரவில்லை.

எங்கள் சாட்சிகளில் ஒருவர் இரண்டு பிள்ளைகளுக்கு ஞானத்தந்தை. அவருடைய குடும்பப் பெயர் வேறு. ஆனால் மைக்கேலின் கல்யாணப் பதிவில் மனைவியின் பிறந்த வீட்டுப் பெயரும் அதுதான். மைத்துனர்! அவருடைய இரங்கல் குறிப்பு உள்ளூர்ப் பத்திரிகையில் கிடைத்தது, அதில் "கார்க் கவுண்டி, அயரீஸ் பங்கு, ஆர்க்ரூமில் பிறந்தவர், சிறு வயது நண்பனான தன் மைத்துனரோடு கடல் கடந்து வந்தவர்" என்று ஒரு வரி. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

கூடுதலாக இரண்டு இடம். பாஸ்டனில் வெளிவந்த பைலட் என்ற கத்தோலிக்கப் பத்திரிகையில் 1831 முதல் 1921 வரை, காணாமல் போன உறவினரைத் தேடி ஐரிஷ்காரர்கள் விளம்பரம் கொடுத்திருக்கிறார்கள், ஊர், பங்கு, கடைசியாகக் கடிதம் வந்த இடம் எல்லாம் இருக்கும். இன்னொன்று, உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் இருந்தவர் என்றால் ஓய்வூதியக் கோப்பு. தேசிய ஆவணக் காப்பகத்தில் 80 டாலர், விலை அதிகம்தான், ஆனால் விதவை கல்யாணத்தை நிரூபிக்க உறவினர்களை எல்லாம் சாட்சிக்குக் கூப்பிட்டிருப்பாள். தாராளமாகக் கட்டலாம்.

6. கப்பல் பட்டியலைக் கடைசிக்குத் தள்ளுங்கள்

எல்லோரும் முதலில் ஓடுவது, குடியேற வந்தவர்கள் இறங்கிய நியூயார்க்கின் எல்லிஸ் தீவுக்கு. அது திறந்தது 1892 ஜனவரி 1. நம்ம ஆள் 1850-களில் வந்தவர். 1855 முதல் 1890 வரை நியூயார்க்கில் கேஸில் கார்டன், அதற்கும் முன் சும்மா துறையில் இறங்கி நடந்து போனார்கள். அந்தக் காலப் பட்டியலில் பெயர், வயது, அயர்லாந்து, கூலியாள், இவ்வளவுதான் இருக்கும். அதே வயதில் பத்து மைக்கேல் சல்லிவன் இருப்பார்கள், எவர் நம்மவர் என்று எதை வைத்துச் சொல்வது? பயணச்சீட்டு மலிவு என்று கியூபெக் வழியாக வந்தவர்களும் நிறைய, கனடாவுக்கு 1865-க்கு முன் வந்த கப்பல்களின் பட்டியல் பெரும்பாலும் கிடையாது. எங்கள் ஆளின் கப்பல் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை, கிடைக்காததால் ஒன்றும் குறைந்துபோகவும் இல்லை.

7. இப்போது அயர்லாந்து

டவுன்லேண்ட் பெயர் கையில் இருந்தால் இந்தப் பகுதி ஆச்சரியப்படும் அளவுக்கு எளிது, பெரும்பாலும் இலவசமும்கூட.

முதல் வேலை, பெயரின் சரியான எழுத்தைக் கண்டுபிடிப்பது. நெப்ராஸ்காப் பத்திரிகைக்காரர் காதில் விழுந்ததை எழுதியிருப்பார். ஆர்க்ரூம் என்று ஒன்று இல்லை, ஆர்ட்க்ரூம்தான் உண்டு, அதிலும் ஆர்ட்க்ரூம் இன்வர்ட், ஆர்ட்க்ரூம் அவுட்வர்ட் என்று இரண்டு. டவுன்லேண்ட் பட்டியல் தளங்களில் சத்தம் ஒத்துப்போகிற மாதிரி பல விதமாகப் போட்டுப் பாருங்கள்.

அடுத்த பொறியில் நான் இரண்டு மாதம் மாட்டிக்கொண்டேன். அயர்லாந்தில் பங்கு இரண்டு வகை. நில வரிக்கும் அரசுக் கணக்குக்கும் உள்ள சிவில் பாரிஷ் வேறு, கத்தோலிக்கக் கோயிலின் பங்கு வேறு, பெயர்கூட ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஆர்ட்க்ரூம் இருக்கும் சிவில் பாரிஷ் கில்கேத்தரின், கோயில் பங்கு அயரீஸ். இதோடு விட்டார்களா? இந்த பேரா தீபகற்பம் கார்க் கவுண்டியில் இருக்கிறது, ஆனால் கோயில் கணக்கில் கெர்ரி மறைமாவட்டம். கார்க் மறைமாவட்டப் பதிவுகளில் தேடிக்கொண்டே இருந்தால் இந்த ஜென்மத்தில் கிடைக்காது.

பிறகு வரிசையாக இவற்றைப் பாருங்கள். 1847 முதல் 1864 வரை எடுத்த க்ரிஃபித் மதிப்பீட்டில் எந்த டவுன்லேண்டில் யார் குத்தகைக்காரர், யாரிடமிருந்து, எவ்வளவு நிலம் என்று இருக்கும், வரைபடத்தோடு இலவசம். ஆள் அதற்கு முன்பே கப்பல் ஏறியிருந்தாலும் அப்பாவோ அண்ணனோ இருப்பார்கள். கத்தோலிக்கப் பதிவேடுகளின் படங்களை அயர்லாந்து தேசிய நூலகம் 2015 முதல் இலவசமாக வைத்திருக்கிறது, சுமார் 1880 வரை. ஐரிஷ் ஜீனியாலஜி என்ற அரசுத் தளத்தில் 1864 முதல் பிறப்பு, இறப்பு, கல்யாணப் பதிவுகள், கெர்ரி உள்ளிட்ட சில இடங்களுக்குக் கோயில் பதிவுகளும். 1901, 1911 கணக்கெடுப்பு முழுசாக ஆன்லைனில் இருக்கிறது. அதற்கு முந்தைய 19-ஆம் நூற்றாண்டுக் கணக்கெடுப்புகளில் துண்டு துணுக்குகள்தான் மிச்சம், சிலதை அரசே அழித்தது, சிலது 1922-இல் டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் தீயில் போனது. "1851 கணக்கெடுப்பில் தேடித் தருகிறேன்" என்று யாராவது காசு கேட்டால் யோசித்துக்கொள்ளுங்கள்.

பதிவேடு லத்தீனில் இருக்கலாம், ஜேம்ஸ் ஜேகோபுஸ் ஆகியிருப்பார், வில்லியம் குலியெல்முஸ் ஆகியிருப்பார். நோரா என்று வீட்டில் கூப்பிட்டவள் பதிவில் ஹொனோரா. குடும்பத்தைப் பொருத்திப் பார்க்க ஒரு வழி உண்டு: மூத்த மகனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தா பெயர், இரண்டாமவனுக்கு அம்மாவைப் பெற்ற தாத்தா பெயர், மூத்த மகளுக்கு அம்மாவைப் பெற்ற பாட்டி பெயர். பெயரன் என்பதுதான் பேரன் ஆனது என்று நமக்குத் தெரியும், அவர்களும் அப்படியே. எங்கள் ஆளின் மூத்த மகன் பெயர் கார்னீலியஸ். க்ரிஃபித் மதிப்பீட்டில் ஆர்ட்க்ரூமில் ஒரு கார்னீலியஸ் சல்லிவன் இருந்தார். சாட்சியம் இதுமட்டும் என்றால் ஏற்றுக்கொள்ளாதீர்கள், எனக்கு அயரீஸ் ஞானஸ்நானப் பதிவும் ஒத்துப்போனது. சல்லிவன்கள் குவிந்த ஊர் என்பதால் ஒவ்வொரு கிளைக்கும் பட்டப்பெயர் உண்டு. பதிவில் பெயருக்குப் பக்கத்தில் புரியாத சொல் இருந்தால் அது பிழையல்ல, அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

8. காசும் காலமும்

ஆன்செஸ்ட்ரி என்ற வம்சாவளித் தளத்தின் சந்தாவை உடனே எடுக்காதீர்கள், அமெரிக்காவில் நிறையப் பொது நூலகங்களில் அதன் நூலகப் பதிப்பு இலவசம். ஒரு கட்டணத் தளத்தில் பதினான்கு நாள் இலவசம் என்று அட்டை எண்ணைக் கொடுத்துவிட்டு மறந்துபோய் ஆறு மாதச் சந்தாவை இழந்திருக்கிறேன். எடுக்கிற அன்றே ரத்து செய்யும் தேதியைப் போனில் அலாரம் வையுங்கள். டிஎன்ஏ சோதனை வேண்டுமானால் வீட்டில் இருக்கும் ஆக மூத்தவரின் எச்சிலை அனுப்புங்கள், அதுவும் தள்ளுபடி விலை வரும்போது. சல்லிவன் வம்ச இலச்சினை என்று கடையில் விற்கும் கேடயத்துக்குக் காசு செலவழிப்பது உங்கள் இஷ்டம்.

எனக்கு ஆன மொத்தச் செலவு நானூறு டாலருக்குக் கொஞ்சம் மேல், அதில் பாதி தெரியாமல் கட்டியது. இந்த வரிசையில் போனால் நூறு, நூற்றைம்பதில் முடியும், வார இறுதிகளில் உட்கார்ந்தால் ஆறேழு மாதம். தபாலில் கேட்பதையெல்லாம் முதல் மாதமே கேட்டுவிடுங்கள், பதில் வரும்வரை இலவசத் தளங்களைப் பாருங்கள். மற்றவர்கள் ஆன்லைனில் போட்டிருக்கும் குடும்ப மரத்தை நகல் எடுக்காதீர்கள். என்னுடைய பழைய தப்பு மைக்கேலை ஏழு பேர் நகல் எடுத்து வைத்திருக்கிறார்கள், நான் அழித்தும் அவர் அங்கே உயிரோடு இருக்கிறார்.

கடைசியாக, எல்லோரும் கேட்கிற கேள்வி: இதை வைத்து ஐரிஷ் பாஸ்போர்ட் வாங்கலாமா? முடியாது. தாத்தாவோ பாட்டியோ அயர்லாந்தில் பிறந்திருக்க வேண்டும், அல்லது நீங்கள் பிறக்கும்போதே அம்மாவோ அப்பாவோ ஐரிஷ் குடிமக்களாக இருந்திருக்க வேண்டும். 1850-களில் வந்த கொள்ளுத்தாத்தாவை வைத்து விண்ணப்பித்து 278 யூரோவைக் கட்டிவிடாதீர்கள், என் கொழுந்தனார் கட்டப் போனார், நல்லவேளை முதல் நாள் ராத்திரி என்னிடம் கேட்டார்.